போணி ஆகாத ஜன்னல்

கோச்சடையில் ஒரு மாடி அறை. அதுதான் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. ஒரு முதலாளி, ஒரு கம்ப்யூட்டர், நான், நாகமலையில் என்னோடு படித்த நண்பன். திரையில் ஜன்னலும் பட்டனும் வரைகிற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வக்கில்லை; பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடிதான் மூலதனம். அதில் இரண்டு மொழிகள் கிடைத்தன. பெர்ல் கணக்குப் போடுவதில் புலி, ஆனால் திரையில் காட்ட முகம் கிடையாது. டிக்கிள் நாலே வரியில் அழகாக ஜன்னல் திறக்கும். பின்னால் பெர்ல், முன்னால் டிக்கிள், நடுவில் பதில் வந்துசேர ஒரு குழாய் என்று இரண்டையும் கோத்தோம். பெர்ல் என் பாடு, டிக்கிள் அவன் பாடு.

பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்த ஒருவர், மூட்டைக் கணக்குப் போடும் எங்கள் புரோகிராமைப் பார்க்கச் சம்மதித்தார். அவர் வாங்கினால் கம்பெனி பிழைக்கும். இல்லாவிட்டால், மிஷன் பள்ளி வாத்தியாரான அப்பா யார் யாரையோ கெஞ்சி அதே பள்ளியில் எனக்குப் பிடித்து வைத்திருந்த கிளார்க் வேலைதான். திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அந்த நாற்காலியை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

சோதிக்காமல் ஒன்றும் போகவில்லை. ஒரு நாள் வரத்து முழுவதையும் மொத்தமாகக் கொட்டி எத்தனையோ தடவை பார்த்தோம். கண் சிமிட்டுவதற்குள் ஜன்னல் நிறையப் பதில் வந்தது.

சனிக்கிழமை கம்ப்யூட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனோம். கடைக்காரர் சூடம் கொளுத்தித் திரைக்குக் காட்டினார். அன்றைய போணி ஒரு மூட்டை கத்தரிக்காய். அதை மட்டும் அடிக்கச் சொன்னார். அடித்தேன். ஜன்னல் வெறுமனே நின்றது.

"அடுத்ததையும் போட்டுப் பாப்போம்ணே," என்றேன்.

"போணியே ஆகலையே தம்பி. அதுக்குள்ள அடுத்த மூட்டைய எப்படி அவுக்க?"

அவரிடம் கோபம்கூட இல்லை. புரோகிராமை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே கத்தரிக்காயை மறுபடி அடித்தேன். ஒன்றும் வரவில்லை. சூடம் அணைந்ததும் அவர் வழக்கமான சிட்டையை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். முதலாளியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்ச் சரி என்று சொன்னேன். அப்பா சந்தோஷமாக அல்வா வாங்கி வந்தார்.

சில வாரங்கள் கழித்து நண்பன் பள்ளி ஆபீசுக்கே வந்தான்.

"பதில் கொஞ்சமா இருந்தா பெர்ல் சொல்லாதாம் மாப்ள. நெறையச் சேந்தாத்தான் குழாய்ல விடுமாம். நாம மொத்தமாக் கொட்டிப் பாத்தோம், அதான் தெரியல. கடையில ஒத்த மூட்டைதான அடிச்சோம். அப்பப்ப சொல்லிருன்னு புரோகிராமுக்கு மேல ஒரே ஒரு வரி எழுதியிருந்தா போதும்."

"ஒரு வரிதானா? வா, இப்பவே போயி அடிச்சுப் பாப்போம்," என்று எழுந்துவிட்டேன்.

"எங்குட்டுப் போயி அடிக்க? கம்ப்யூட்டர வித்தாச்சு. ரூமையும் காலி பண்ணியாச்சு. நான் நாளைக்கு மெட்ராஸ் போறேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பெல் அடித்தது. மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.