கொக்கி தேய்ந்த நாள்

அந்தச் சலவை நிலையத்தில் அவரை எல்லோரும் புலவர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நூலும் இயற்றியவர் இல்லை. ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது, எந்த மெஷின் எப்படி இருக்கிறது என்று அடுத்த ஷிப்டுக்காரர்களுக்குக் கரும்பலகையில் எழுதிவைக்க வேண்டும். அதுதான் அவருடைய இலக்கியப் பணி. மற்றவர்கள் 'தண்ணி வரல', 'பெல்ட் லூசு' என்று கிறுக்கிவிட்டு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இவரோ 'குழாயம்மாள் இன்று யாரோடும் பேசுவதாக இல்லை' என்று எழுதுவார். படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மனிதருக்கு அதில் அப்படியொரு போதை.

ஒருநாள், ஓரத்தில் இருந்த, நீராவியில் துணி தேய்க்கும் மெஷினில் மேல்தட்டைத் தூக்கிப் பிடிக்கும் கொக்கி தேய்ந்துபோனது. கொதிக்கிற தட்டு தானாகவே கீழே இறங்கியது. மெக்கானிக் மறுநாள்தான் வருவார். புலவர் யோசித்து யோசித்து எழுதினார்: 'ஓரத்து மகாராணிக்கு இன்று தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. கொஞ்சம் பார்த்துப் பழகவும்.' தள்ளி நின்று வாசித்துப் பார்த்தார். அவருக்கே பிடித்துப்போனது.

அடுத்த ஷிப்டுக்கு வந்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. பலகையைப் பார்த்துச் சிரித்தான், கூட இருந்தவர்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினான். பிறகு ஒரு சட்டைக் காலரை நீவிவிட மெஷினுக்குள் கையை வைத்தான். தட்டு இறங்கியது.

தகவல் வந்தபோது புலவர் வீட்டில் இருந்தார். மனைவி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "நீங்க பலகையில எழுதலையா?" என்று மட்டும் கேட்டாள். எழுதியதை எப்படிச் சொல்வது? சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் மச்சினன் முழங்கைவரை கட்டோடு படுத்திருந்தான். விரல் மடங்குமா மடங்காதா என்பது கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏதாவது சொல்லு மாப்ள. நாலு வார்த்தை திட்டவாவது செய்."

"எதுக்கு மாமா திட்டணும்? நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. அந்த வரி இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு." அவன் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "கொக்கி போயிடுச்சுங்கறதுதான் தெரியாமப் போச்சு."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நல்லவேளை, விரல்கள் மடங்கின. மச்சினன் வேலைக்குத் திரும்பிய நாளில், புலவர் பலகையில் எழுதினார்: 'மூன்றாவது மெஷின். வலதுபக்கக் குழாயில் நீராவி கசிகிறது. சுவிட்ச் போடாதே.'

"என்ன புலவரே, சரக்கு தீந்துபோச்சா?" என்றான் உடன் வேலை செய்பவன்.

"தீந்துபோச்சுப்பா."

வீட்டுக்குப் போகாமல் கதவோரம் ஒதுங்கி நின்றார். மச்சினன் வந்தான், நிமிர்ந்து படித்தான். முகத்தில் சிரிப்பில்லை. மூன்றாவது மெஷினின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, துணி மூட்டையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு அடுத்த மெஷினுக்குப் போனான். பலகையை அவன் மறுபடி திரும்பிப் பார்க்கவே இல்லை. புலவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.