பல்லி டாக்டருக்கு மீசை ஒட்டாது

கேப்டன் நீலனுக்குத் தெரியாத வித்தை கிடையாது. தண்ணீருக்கு அடியில் கால் மணி நேரம் மூச்சுப் பிடிப்பான். கொண்டை ஊசியால் எந்தப் பூட்டையும் திறப்பான். விமானம் ஓட்டுவான், ஒட்டகமும் ஓட்டுவான். எதிரிகள் அவனைக் கயிற்றால் கட்டும்போது நெஞ்சைப் புடைத்துக்கொண்டு நிற்பான். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் மூச்சை விடுவான், கட்டு தளர்ந்து காலடியில் விழும். பதினோரு பாஷை பேசுவான். அழமாட்டான். இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் அண்ணன்.

எங்களுக்கு ஊர் ஆந்திராப் பக்கத்து நகரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அண்ணன் மட்டும் சினிமா போஸ்டர்களைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகியிருந்தான். அரக்கோணத்திலிருந்து மாமா கொண்டுவரும் காமிக்ஸ் புத்தகங்களை அவன் படிப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பேன். பிற்பாடு நானாகத் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டு அதே புத்தகங்களை எடுத்துப் பார்த்தபோது, நீலனின் வித்தைகளில் பாதி அதில் இல்லவே இல்லை. எழுத்து பிடிபடாத இடங்களிலெல்லாம் அண்ணன் தன் சொந்தச் சரக்கைப் போட்டு நிரப்பியிருந்தான். ஆனால் ஏழு வயதில் அது எனக்குத் தெரியாது.

நீலனுக்கு எத்தனையோ எதிரிகள். என் தூக்கத்தைக் கெடுத்தவன் பல்லி டாக்டர். அவன் யாருடைய முகத்தையும் ரப்பரில் செய்து மாட்டிக்கொள்வான். ஒரு புத்தகத்தில் அவன் நீலனின் அப்பாவாகவே வந்து நின்றான். அதே முகம், அதே குரல். நீலன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘நீ என் அப்பா இல்லை’ என்றான்.

“எப்படிண்ணா கண்டுபிடிச்சான்?”

அந்த வரியில் அண்ணனுக்கு எழுத்து கூடவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

“மீச. ரப்பர் மூஞ்சில மீச ஒட்டாது. மூக்குக்குக் கீழ வெள்ளையா ஒரு பட்ட தெரியும். நெத்தியில கோடு தெரியும். அத வெச்சித்தான்.”

“நம்ம நைனா மாதிரி வந்துட்டான்னா?”

“நைனாக்குத்தான் மீச கீதே. அப்புறம் இன்னாத்துக்குப் பயப்படுற?”

அது பெரிய ஆறுதலாக இருந்தது. நைனாவின் மீசை சாதாரண மீசையில்லை. பவர்லூம் கொட்டகையிலிருந்து அவர் வரும்போது அதில் பஞ்சுத் தூசு வெள்ளையாகப் படிந்திருக்கும். கிணற்றடியில் முகம் கழுவினதும் மறுபடி கறுப்பாகிவிடும். எனக்கு நினைவு தெரிந்து அந்த மீசை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்து, பிழைப்பானா என்று எல்லோரும் பயந்துபோனார்கள். பிழைத்தான். நைனா திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருந்தார்: மகனுக்கு மொட்டை, தனக்கும் மொட்டை, மீசையோடு சேர்த்து. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சின்னப் பெண்ணிடம் அப்பாவின் மீசையைப் பற்றி யார் பேசுவார்கள்?

மலைக்கு மேலே பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை பத்து மணி இருக்கும். நைனாவும் அண்ணனும் மொட்டை போடுகிற மண்டபத்துக்குள் போனார்கள். அம்மாவும் நானும் வெளியே நின்றோம். அம்மா மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். அதன் முந்தானை நுனியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது வந்து நின்ற பஸ்களிலிருந்து ஒரு பெருங்கூட்டம் இறங்கி எங்களை இடித்துக்கொண்டு போனது. ஒரு கணம் கை நழுவியது; மறுபடி மஞ்சள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். கூட்டம் குறைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். அம்மா இல்லை. முன்பின் தெரியாத ஒரு அம்மாள். வேண்டுதலுக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் அன்றைக்கு மஞ்சள் புடவைதான்.

அந்த அம்மாள் என்னை மைக் வைத்திருந்த ஒரு அறைக்குக் கூட்டிப்போய் விட்டாள். அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெரியவரும் காக்கிச் சட்டை போட்ட காவலாளியும் இருந்தார்கள். என் பெயரையும் நைனா பெயரையும் நகரி என்பதையும் தெலுங்கிலேயே ஒழுங்காகச் சொன்னேன். பெரியவர் அதை மைக்கில் தெலுங்கிலும் தமிழிலும் படித்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, கேப்டன் நீலன் அழமாட்டான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். வழுக்கென்ற மொட்டைத் தலை, அதில் சந்தனம். வெயில் படாத மண்டை வெளுத்திருந்தது. வெளுப்பும் கறுப்பும் சேருகிற இடத்தில், நெற்றிக்கு மேலே ஒரு கோடு. மூக்குக்குக் கீழே வெள்ளையாக ஒரு பட்டை.

“பாப்பா!” என்றார். நைனாவின் குரல்.

பெஞ்சின் கோடிக்கு நகர்ந்து, மைக் பெரியவரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஈயன மீ நான்னேனா பாப்பா?” என்று கேட்டார் அவர், இவர் உன் அப்பாதானே என்று.

“இல்ல. எங்க நைனாக்கு மீச இருக்கும். இது வேற ஆளு.”

“ஏம்மா, நாந்தாம்மா. இப்பத்தான் மொட்ட போட்டுக்கினு வரேன். மீசயும் எடுத்துட்டாங்கம்மா.”

“எங்க நைனா குரல்ல பேசுறான்!” என்று நான் வீரிட்டேன்.

காவலாளி எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றான். “எவரய்யா நுவ்வு?” என்றான். நீ யார் என்று நைனாவை அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் திக்கினார். “பாப்பாக்கு மொழங்கால்ல தழும்பு கீது சார், எடது கால்ல. தறிக் கட்டை மேல வுழுந்துச்சி.” பெரியவர் என் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். தழும்பு இருந்தது. எனக்குப் பயம் இரண்டு மடங்கானது. பல்லி டாக்டர் எல்லாவற்றையும் உளவு பார்த்துவிட்டுத்தான் வருவான்.

“நீயே எதனா கேளும்மா. உங்க நைனாக்குத்தான் தெரியும்ங்கற மாதிரி” என்றார் பெரியவர், தமிழிலேயே.

எனக்குத் தோன்றியது ஒரே கேள்விதான். “நீலனுக்கு எத்தினி பாஷை தெரியும்?”

நைனா விழித்தார். “எந்த நீலன்? நம்ம கொட்டகையில தாருக்கு நூல் சுத்துறவனா? அவனுக்குத் தமிழே சரியா வராதேம்மா.”

காவலாளி அவர் தோளில் கையை வைத்தான். வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “புள்ள புடிக்கிறவனா?” என்று யாரோ கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. “நாலு போடுங்க, உண்மைய சொல்லுவான்” என்றது இன்னொரு குரல்.

நைனா என்னையே பார்த்தார். பிறகு காவலாளியிடம் திரும்பி, தணிந்த குரலில் பேசினார்.

“புள்ள வேணாங்குதுல்ல சார். குடுக்காதீங்க. அவங்கம்மா வந்து சொல்ற வரைக்கும் யாரு வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

சொல்லிவிட்டு அவராகவே எதிர்ச் சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்தார். நான் அசைந்தால் என்னைப் பார்ப்பார். நான் திரும்பிப் பார்த்தால் தரையைப் பார்ப்பார். பல்லி டாக்டர் பின்வாங்கிவிட்டான், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனாலும் அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. பெரியவர் இரண்டு தரம் மைக்கில் அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா அழுதுகொண்டே வந்தாள். பின்னால் அண்ணன், அவனும் மொட்டையாக. அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, உடனே இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“அய்யோ சார், அவுருதான் சார் எங்க வூட்டுக்காரரு. ஏண்டி, பெத்த அப்பன அடையாளம் தெரில உனக்கு?”

“மீச இல்ல” என்றேன். “பல்லி டாக்டர்னு நெனச்சேன்.”

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது. அவன் அம்மாவின் பின்னால் ஒதுங்கினான். நைனா எழுந்து வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டார். பெயரை அடித்துவிட்டு இரண்டாவது தரம் எழுதினார். என்னைத் தூக்கவில்லை. அம்மாவிடம், “நீயே தூக்கிக்கினு வா” என்றார்.

சாமி பார்த்துவிட்டுச் சாயங்காலம் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கினோம். நைனா எங்களோடு உட்காராமல் இரண்டு சீட் முன்னால் போய் உட்கார்ந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து மூக்குவரை சுற்றிக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். கொட்டகைக்குத் துண்டைக் கட்டாமல் போவார்; வாசலுக்குள் கால் வைக்குமுன் கட்டிக்கொள்வார். சாப்பிடும்போது எனக்கு முதுகைக் காட்டி உட்காருவார். மீசை ஓரளவு வளருகிற வரைக்கும், ஒரு மாதத்துக்கு மேலே, இது நடந்தது. ஒருநாள் அம்மாவிடம், நைனாவுக்குப் பல்வலியா என்று கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பல்வலிதான் என்று நானே முடிவு செய்துகொண்டு விளையாடப் போனேன்.