சீனப் பெருநாளன்று கழற்றிய சக்கரம்

பினாங்குத் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் ஃபெரிக்கு இறங்கும் சரிவில் எங்கள் கார் நிற்கவில்லை. முன்னால் ஒரு லாரி நின்றது. என் கணவர் பிரேக்கை அழுத்தி மிதித்தும் கார் மெல்ல நழுவிப் போய் லாரியின் பின்பலகையில் இடித்தது. அடி பெரிதில்லை. ஆனால் கயிறு பிடித்துக்கொண்டிருந்த ஃபெரி ஆள் ஓடி வந்து குனிந்து பார்த்தார். இடது பின்சக்கரத்தின் உட்புறமிருந்து எண்ணெய் வழிந்து டயர் முழுக்கக் கறுப்பாக மின்னியது.

"இத ஏத்த முடியாதுங்க. பிரேக்கெல்லாம் எண்ணெ. தண்ணிக்குள்ள போயிருவீங்க."

"அவசரம் அண்ணே. அங்க எங்கக்கா ஒடம்பு முடியாமக் கெடக்குறாங்க," என்றேன்.

"அவசரம்னாத்தான் சொல்றேன்லா," என்று அவர் கையை வீசி எங்களைப் பின்னால் அனுப்பினார்.

அக்கா அக்கரையில் நிபோங் திபாலுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தாள். அத்தான் அங்கே கணக்கெழுதும் கிராணி. முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள், மறுபடி உண்டாகி ஏழாம் மாதம். முந்தின நாள் சாயங்காலம் பினாங்குக்குச் சரக்கு ஏற்றிவந்த தோட்டத்து லாரி டிரைவர் வாசலில் நின்று சேதி சொல்லிவிட்டுப் போனார். காய்ச்சல் விடவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லித் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் எழுதிக் கொடுத்துவிட்டார், ஆனால் அந்த லாரியின் ஆட்டத்தை அவள் உடம்பு தாங்காது என்றார். எங்களிடம் கார் இருந்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம் என் கணவர் வாங்கியது. மர ஆரக்கால் வைத்த சக்கரம், துணிக் கூரை. பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்.

அன்று சீனப் பெருநாள், சீனர்களின் புத்தாண்டு. பட்டறை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் பலகை அடைத்த கடைகளும் வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதமும்தான். கார் நடை வேகத்தில் ஊர்ந்தது. எனக்கு இறங்கி ஓடலாம் போலிருந்தது.

"நான் ரயில்ல போயிடுறேங்க," என்றேன்.

"போ. அக்காவ எதுல கொண்டாருவ?"

எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் காருக்கு அடியில் படுத்தார். கணவர் துறைமுகத்தில் கணக்கு எழுதுகிறவர், மெக்கானிக் இல்லை. ஆனால் விடுமுறை நாட்களில் பட்டறையில் போய் நின்று வேடிக்கை பார்க்கிற பழக்கம் உண்டு. எழுந்து வந்து எனக்குப் புரியும்படி சொன்னார். பின்னால் இருக்கிற கியர்ப்பெட்டியிலிருந்து எண்ணெய் அச்சு வழியாகச் சக்கரத்துக்கு வராமல் தடுக்க, அச்சின் முனையில் கம்பளி மாதிரி அழுத்திய ஃபெல்ட் வளையம் ஒன்று இருக்கும். அது கெட்டுப்போயிருக்கிறது. சக்கரத்தை எடுத்தால்தான் அதை மாற்ற முடியும்.

சக்கரம் வரவில்லை. நட்டை இளக்கிவிட்டு ஜாக்கியில் தூக்கி, மரக்கட்டையை வைத்துத் தட்டினார். நானும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன். இழுத்தேன், உள்ளே போனேன், பையில் வைத்திருந்த துணிகளை எடுத்து மறுபடி மடித்தேன், மாதா படத்துக்கு முன்னால் ஜெபமாலையைக் கையில் எடுத்து ஒரு மந்திரம்கூட முடிக்காமல் வைத்தேன், மறுபடி வெளியே வந்தேன். சக்கரம் அப்படியே இருந்தது.

"இழுக்குற கருவி பட்டறையில கெடக்கு. பூட்டு தொங்குது," என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வழி இருக்கு. நட்டு கழண்டு விழாத அளவுக்கு இளக்கி வச்சுட்டு, வண்டிய இப்படியும் அப்படியும் வளைச்சு வளைச்சு ஓட்டணும். அதுவே புடுங்கிட்டு வரும். நீ பின்னால உக்காந்து கேளு. படார்னு ஒரு சத்தம் வரும், ஒடனே சொல்லு."

சந்து முனையில் ஒரு திடல் இருந்தது. ஏற்கெனவே பிரேக் இல்லாத கார், இப்போது சக்கரமும் இளகிய கார். அதில் பின்னிருக்கையில், எண்ணெய் ஒழுகும் பக்கமாக நான். அவர் திடலில் எட்டுப் போட ஆரம்பித்தார். இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு. நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கிருந்தோ படார் என்றது. "நிறுத்துங்க," என்றேன். இறங்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை, தெருவில் பட்டாசு. மறுபடி ஓட்டினார். மறுபடி படார். மறுபடி நிறுத்தச் சொன்னேன். மூன்றாம் முறை அவர் இறங்கவே இல்லை, திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஊரே வெடிக்குது. நான் என்ன செய்ய?" என்றேன்.

வீட்டு வாசல்களில் புதுத்துணி போட்டுக்கொண்டு நின்ற சீனர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பெருநாளன்று ஒரு தமிழ்க் குடும்பம் வெறும் திடலில் சுற்றிச் சுற்றி வந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள். பக்கத்துச் சீனர் வீட்டு மருமகள் மட்டும் நின்ற காரின் அருகே வந்து, என்ன விஷயம் என்று மலாயில் கேட்டாள். சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. பெருநாள் வாழ்த்தாகக் கொடுக்க வைத்திருந்த இரண்டு ஆரஞ்சுப் பழங்களை என் மடியில் வைத்துவிட்டு விலகிப் போனாள்.

கடைசியில் அந்தச் சத்தம் என் காதுக்கு வரவில்லை. இருக்கைப் பலகை வழியாக இடுப்பில் ஓர் உதை போல வந்தது. நான் சொல்வதற்குள் அவருக்கும் தெரிந்துவிட்டது. திடலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கினோம். நட்டை எடுத்ததும் சக்கரம் கையோடு வந்தது. உள்ளே எல்லாம் எண்ணெய்ச் சேறு. அந்த ஃபெல்ட் வளையம் ஊறிப்போன அப்பளம் போலப் பிய்ந்து அவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

"இதுக்குப் பதில் போட ஃபெல்ட் வேணும்," என்றார்.

கம்பளியா, சாக்கா, காலணியின் அட்டையா என்று வீட்டிலிருந்த எதையெல்லாமோ கொண்டுவந்து காட்டினேன். எல்லாவற்றுக்கும் ஆகாதென்று தலையை ஆட்டினார். பிறகு அவரும் என்னோடு வீட்டுக்கு வந்து தேடினார். இருவரும் ஒரே நேரத்தில் கூடத்து ஆணியைப் பார்த்தோம் என்று நினைக்கிறேன். அங்கே அவருடைய பழுப்புத் தொப்பி தொங்கியது. மாதா கோயில் பூசைக்கும் கல்யாணங்களுக்கும் மட்டும் போடுவது. அவரே போய் எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

"நீயே வெட்டு. எனக்குக் கை வராது."

பழைய வளையத்தின் இரும்பு மூடியை அளவாக வைத்துக் கத்தரித்தேன். ஒரு மடிப்பு மெல்லிசாக இருந்தது. மூன்று வளையங்களை அடுக்கிக் கோணி ஊசியால் நெருக்கமாகத் தைத்தேன். காலையிலிருந்து நிலைகொள்ளாமல் அலைந்த நான் அந்த நேரம் மட்டும் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தேன். தைத்ததைக் காய்ச்சிய எண்ணெயில் ஊறப் போட்டேன். அதற்குள் அவர் பிரேக் பட்டையைப் பெட்ரோலால் கழுவி, நான் கொடுத்த அடுப்புச் சாம்பலைத் தூவித் துடைத்துக்கொண்டிருந்தார். கியர்ப்பெட்டியின் பக்கத்து மூடியைத் திறந்தபோது தேவைக்கு மேலிருந்த எண்ணெய் கொடகொடவென்று மண்ணில் கொட்டியது.

"போன மாசம் நான்தான் தாராளமா ஊத்துனேன். எடம் பத்தாமத்தான் வெளிய தள்ளிருக்கு," என்றார். நான் சாம்பல் சட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். பேச ஆரம்பித்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் மறுபடி ஃபெரி ஏறும் ஜெட்டிக்குப் போனோம். வேறோர் ஆள் இருந்தார். காரை நிறுத்திக் காட்டச் சொன்னார். நின்றது. ஃபெரியில் எல்லோரும் காற்று வாங்க, நான் மட்டும் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கரையிலும் அப்படித்தான். வழியில் எங்கே நிறுத்தினாலும் நான்தான் முதலில் இறங்குவேன். விரலில் புழுதிதான் வந்தது.

பொழுது சாயும் வேளையில் தோட்டத்துக்குள் நுழைந்தோம். அக்கா கட்டிலில் சுருண்டிருந்தாள். கண் மஞ்சளாகியிருந்தது. என்னைப் பார்த்ததும், "எண்ணெ வாட அடிக்குதுடி ஒம்மேல," என்றாள். அதைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் விடிந்ததும் பின்னிருக்கையில் மெத்தை போட்டு, அவள் தலையை என் மடியில் வைத்து, பினாங்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. அடுத்த மாதம் அங்கேயே ஒரு பெண் குழந்தை, குறைமாதம், உள்ளங்கை அளவு. பிழைத்துக்கொண்டது.

அந்தத் தொப்பி வளையம் சில மாதம் தாங்கியது. பிறகு பட்டறையில் முறையான வளையம் போட்டார்கள். என் கணவர் வேறு தொப்பி வாங்கவில்லை.

எங்கள் வீட்டில் தங்கியிருந்த அக்காவுக்கு உடம்பு தேறியதும் இருப்புக் கொள்ளவில்லை. அத்தான் சாப்பிட்டாரோ இல்லையோ என்று நாளெல்லாம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் என் கணவர்.

"வேணாம் தம்பி. கோவிச்சுக்காதீங்க. ஒங்க காரு ஆட்டுன ஆட்டத்துல எனக்கு இன்னும் இடுப்பு வலிக்குது," என்றாள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலில்தான் போனாள்.