முப்பத்தெட்டு மாதாக்கள்

பள்ளிமுனைப் பெற்றிசியாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். மன்னார்க் குடும்பங்களின் பழைய அல்பங்களை ஸ்கான் செய்து கொம்பியூட்டரில் சேர்க்கும் சின்னக் கந்தோரில் அவளுக்கு வேலை. முதல் மாதம் முடிந்து திரையைப் பார்த்தவள், "என்ர மாதாவே!" என்றாள். உண்மையிலேயே மாதாதான். முப்பத்தெட்டு அல்பங்களுக்கும் முகப்பில் மடு மாதா!

எங்கள் சனம் முதல் பக்கத்தை மாதாவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கலியாணப் படத்தையே ஒட்டும். மென்பொருளுக்கு அது என்ன தெரியும்? முதல் பக்கத்தை எடுத்து முகப்புப் படமாகப் போட்டுவிட்டது.

அப்படியே விட்டிருக்கலாம். புஸ்பம் விடவில்லை. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து கூலிவேலை செய்கிறவள். மூன்று வயதில் தாயை இழந்தவள். வீட்டிலிருந்த ஒரே படமும் இந்தியாவுக்குப் படகேறியபோது கடலோடு போய்விட்டது. வாராவாரம் வந்து திரையைப் பார்ப்பாள், அல்பங்களைத் திறந்து பார்க்கத் தெரியாமல் முகப்பு மாதாவைக் கும்பிட்டுவிட்டுப் போவாள்.

"ஆற்றையாவது அல்பத்தில அம்மா நிண்டிருப்பா பிள்ளை. பேர் மதலேனம்மா."

"முகம் ஞாபகமில்லாம எப்பிடியக்கா கண்டுபிடிப்பீங்கள்?"

"தெரியேல்லைப் பிள்ளை."

பெற்றிசியாவுக்குப் பொறுக்கவில்லை. மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே முகப்புப் படங்களை ஒவ்வொன்றாக மாற்றினாள். ஒரு குடும்பத்தை எந்த முகம் சொல்லும்? தாழ்வுபாட்டு யாகப்பரின் அல்பத்தில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் மரம் மாதிரி நின்றார்கள். ஒருத்தி மட்டும் சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில், கையில் அகப்பையோடு, வாய்நிறையச் சிரித்தாள். அவளையே போட்டாள்.

"பொம்பிளையை விட்டிட்டுச் சமையல்காரியையோ?" என்றார் பொறுப்பாளர் கனகசிங்கம்.

"இவதான் சேர் உயிரோட நிக்கிறா."

அடுத்த சனிக்கிழமை புஸ்பம் வந்தாள். முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனவள், அகப்பைக்காரியிடம் வந்ததும் நின்றாள். கோபம் வந்துவிட்டது.

"என்ன பிள்ளை, என்னட்டக் கேக்காம என்ர படத்தை எப்ப எடுத்தனீங்கள்?"

பெற்றிசியா திரையைப் பார்த்தாள், புஸ்பத்தைப் பார்த்தாள். அதே அகன்ற நெற்றி, அதே ஏறின புருவம். யாகப்பருக்கு அழைத்து, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அகப்பையோட நிக்கிறவவோ? மதலேனம்மா. எங்கட கலியாணத்துக்குச் சமைச்சவ," என்றார் அவர்.

புஸ்பம் கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"அப்ப நான் சிரிச்சா இப்பிடியோ இருப்பன்?"

இத்தனை வாரம் பார்த்த புஸ்பத்தின் முகம் ஏன் அந்தப் படத்தில் தன் கண்ணில் படவில்லை என்று பெற்றிசியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. புஸ்பம் சிரித்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.