வலப்பக்கம் கதவு வைத்த வண்டி

அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அக்காவின் அன்பையும் சிக்கனத்தையும் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். பொறுமையைப் பற்றி எழுதியவர்கள் அக்காவோடு ஒருநாளும் வண்டியில் போகாதவர்கள். எனக்கு ஒதுக்கிய பக்கங்களில் நான் அந்த வண்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மாமா கோபித்துக்கொள்ள மாட்டார்.

அக்கா பிறந்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில். அப்பா காலமானபோது அக்கா பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தார், நான் டவுசர் போட்ட பையன். படிப்பை எப்படியோ முடித்து, அரசு அலுவலகம் ஒன்றில் வரைவாளராகச் சேர்ந்தார். பாலமும் மதகும் கட்டுவதற்கு முன்னால் அவற்றை அளவு பிசகாமல் தாளில் வரைவது வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் தன் கல்யாணத்துக்குத் தலையாட்டினார். மாமாவின் ஊர் சிதம்பரம். அக்காவின் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத மனிதர் என்பதை உறவினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வு பெற்றதும் இருவரும் சேர்ந்து பழைய ‘கெடிலம்’ வண்டி ஒன்றை வாங்கினார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே முன்பு ஒரு பட்டறை இருந்தது. வேனின் அடிச்சட்டத்தின் மேல் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் வைத்து, வீட்டையே வண்டியாகக் கட்டித் தந்தார்கள். ஓட்டுநர் கதவு போக, வீட்டுக்குள் ஏற தனியாக ஒரு கதவு இருக்கும். அதற்கு வைத்த பெயர்தான் கெடிலம். கொஞ்ச காலம் ஓடிப் பட்டறை மூடிவிட்டது, கட்டியவரும் போய்விட்டார். மிஞ்சிய வண்டிக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். எந்த வண்டி எப்போது கட்டியது, இப்போது எங்கே கிடக்கிறது என்று தேடித் தேடி வரலாறு சேர்ப்பதுதான் சங்கத்தின் வேலை. அக்கா அதன் செயலாளர். அளவு நாடாவும் கையுமாகப் போய் ஒவ்வொரு வண்டியையும் வரைவார். கல்யாண வீட்டு வாசலில் ஒரு கெடிலம் நின்றால் அக்கா பந்திக்கு வரமாட்டார். வழியில் நிறுத்தினால் ஜனங்கள் சினிமா கேரவன் என்று நினைத்து எட்டிப் பார்த்து, “உள்ள எந்த ஹீரோ இருக்காரு?” என்பார்கள். “நான்தான்” என்று அக்கா சொல்வார்.

பொங்கல் கழிந்ததும் மஞ்சக்குப்பம் மைதானத்தில் எல்லா வண்டிகளும் கூடும். அங்கிருந்து ஊர்வலமாகப் போகும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. பட்டறையில் முதலில் கட்டிய வண்டிதான் முன்னால் போக வேண்டும், அதை யாரும் முந்தக் கூடாது. தெரிந்த வண்டிகளில் அக்காவுடையதுதான் பழையது என்பதால் மாலையும் அதற்கே, முதலிடமும் அதற்கே. மைதானத்தைவிட்டுக் கிளம்பும் அந்த நேரத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒருநாள் சங்கத் தலைவர் போன் செய்தார். வடலூரில் டிராக்டர் உதிரிபாகம் விற்பவர். புவனகிரியில் ஒரு நெல் அரவை ஆலைக்குப் பின்னால் கெடிலம் ஒன்று கிடக்கிறது, பழைய இரும்புக்காரர் அறுக்க வந்துவிட்டார் என்றார். அக்கா, மாமா, நான் மூவரும் போய்ச் சேர்ந்தபோது தலைவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றார்.

“இது ஒரிஜினல் இல்லக்கா. கதவு வலப்பக்கம் இருக்கு பாருங்க. எவனோ மாத்தி வெச்சிருக்கான். நம்ம சங்கத்துல சேக்க முடியாது, அறுத்துட்டுப் போவட்டும்.”

அக்கா வண்டியை ஒரு சுற்று வந்தார். இடப்பக்கத் தகட்டை விரலால் தட்டிக்கொண்டே நடந்தார். பிறகு உள்ளே ஏறி என்னை டார்ச் அடிக்கச் சொன்னார். அடுத்த நொடி அக்காவின் குரல் ஆலை முழுக்கக் கேட்டது.

“கதவ மாத்தியிருந்தா பழைய கதவு இருந்த எடத்த அடைச்சிருக்கணும் இல்ல? ஒட்டு எங்க? சட்டம் கூட எங்கியும் வெட்டுப்படல. இந்தப் பக்கம் கதவே இருந்ததில்ல!”

“அதனால?” என்றார் தலைவர்.

“மத்த எல்லா வண்டியிலயும் கதவு இடப்பக்கம். அப்படிக் கட்டிப் பழகுனவரு அப்புறம் போயி நடுரோட்டுல எறங்குற மாதிரி கதவு வெப்பாரா? தெரியாம வெச்சு, பட்டு, அதுக்கப்புறம் மாத்தியிருக்காரு. இதான் மொதல் வண்டி.”

 தலைவர் குரலைத் தாழ்த்தி, “யோசிச்சுப் பேசுங்கக்கா. அப்ப உங்க வண்டி ரெண்டாவதாயிடும்” என்றார்.

“ஆவட்டும். அதுக்காக இத அறுக்க உடுவீங்களா?”

பழைய இரும்புக்காரருக்கு அவசரம். யாராவது தெரிந்தவர்கள் சொன்னால்தான் சங்கம் வாங்கும் என்று தலைவரும் பிடிவாதமாக நின்றார். அக்கா வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். சன்னல் வழியாக, “சிதம்பரத்துக்குப் போங்க. வண்டி கட்டுனவரு சம்சாரம் கீழ வீதிப் பக்கம்தான இருக்காங்க, கேட்டுட்டு வாங்க” என்று எங்களை விரட்டினார். “உங்க அக்கா உள்ள இருக்கிற வரைக்கும் எவனும் கிட்ட வரமாட்டான், வா மச்சான்” என்று மாமா வண்டியைக் கிளப்பினார். மாமா அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை.

வண்டி கட்டியவரின் மனைவி, கேள்வியை முடிப்பதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“அந்தச் சனியன் இன்னுமா இருக்கு? வெளிநாட்டுப் படம் ஒண்ண வெச்சுக்கிட்டு அப்படியே கட்டுனாரு. அந்த ஊருல வண்டியெல்லாம் வலப்பக்கமா போவுமாமே, அது அவருக்குத் தோணல. கடலூர் பஸ் ஸ்டாண்டு எதிர்ல மொதல்ல எறங்குனது நான்தான். நேரா பஸ்ஸு முன்னால. டிரைவர் திட்டுன திட்டு இருக்கே! யாருக்கும் சொல்லாதன்னுட்டு ஆலைக்காரருக்குத் தள்ளி உட்டாரு.”

இதை நாங்கள் போய்ச் சொன்னால் போதாது என்று அவரே கிளம்பி வந்தார். எங்களைக் கண்டதும் அக்கா கதவைத் திறந்தார். “பாத்து எறங்கும்மா, பஸ்ஸு வரப்போவுது” என்றார் அந்த அம்மா. ஆலை முற்றத்தில் பஸ் ஏது? இருவரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். தலைவர் அங்கேயே வண்டியை விலை பேசி முடித்தார்.

பழுது பார்க்கும்போது கதவை இடப்பக்கம் மாற்றிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். கட்டியவர் செய்த தப்பைத் திருத்த நாம் யார் என்று அக்கா சண்டை போட்டார். அடுத்த ஊர்வலத்தில் அந்த வண்டி முன்னால் போனது, அக்காவின் வண்டி இரண்டாவதாகப் போனது. வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

“இல்லாம இருக்குமாடா? ஆனா மொதல்ல போறப்ப எனக்கு வெறும் ரோடுதான் தெரிஞ்சுது. இப்ப மொதல் வண்டியப் பாத்துக்கிட்டே போறன் இல்ல.”

அதற்குப் பிறகுதான் நோய் வந்தது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் அலைந்தோம். அக்காவால் படியேற முடியாமல் போனபோது மாமா வண்டியைப் படுக்கையறைச் சன்னலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். தலையணையில் சாய்ந்துகொண்டு அக்கா கடைசியாக வரைந்தது அந்த முதல் வண்டியைத்தான். இந்த மலரின் அட்டையில் நீங்கள் பார்ப்பது அந்தப் படம்.

சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கும், இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய தெருக்காரர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். சங்கத் தலைவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

அஸ்தியைத் தேவனாம்பட்டினம் கடலில் கரைக்கக் கிளம்பிய அன்று, யாரும் கூப்பிடாமலே எல்லா கெடிலம் வண்டிகளும் மைதானத்துக்கு வந்திருந்தன. முதல் வண்டியைத் தலைவர் ஓட்டினார். அடுத்ததாக அக்காவின் வண்டி. நான் ஓட்டினேன், கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு மாமா பக்கத்தில் இருந்தார். மைதானத்தைவிட்டு வெளியே வந்ததும் முன்னால் போன வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது. பழுதோ என்று நானும் நின்றேன்.

ஓட்டுநர் கதவை விட்டுவிட்டு, அந்த வலப்பக்க வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு தலைவர் நடுரோட்டில் இறங்கினார். “முந்திப் போ தம்பி” என்றார்.

“அக்கா திட்டும் தலைவரே. முந்தக் கூடாதுன்னு அதுதான் சொல்லும்.”

“திட்டட்டும். நான் வாங்கிக்கிறன். இன்னிக்கு அக்கா முன்னால போவட்டும்.”

எதிரே வந்த டவுன் பஸ்ஸைக் கை நீட்டி மறித்தார். டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். மாமா அழுதுகொண்டே சிரித்தார். நாங்கள் கடந்து போகும்வரை தலைவர் நீட்டிய கையை இறக்கவில்லை. அவருக்கும், அன்று வழிவிட்டு நின்ற அந்த முதல் வண்டிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.