மிக்கோனின் மழைத்துளி

என் தம்பி மிக்கோன் ஏதென்ஸை ஒரு நாள் ஆண்டான். சிரிக்காதீர்கள். சந்தைக்குப் பின்சந்தில் செருப்புத் தைத்தவன், நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் காது சிவந்துபோகிறவன். அவன் கையில்தான் அன்று நகரத்தின் முத்திரையும் கோயில் கருவூலங்களின் சாவியும் இருந்தன. எங்கள் ஊரில் பதவிக்கு ஆளை அவரைக்கொட்டை போட்டு எடுப்பார்கள். மிக்கோனுக்கு வெள்ளைக் கொட்டை விழுந்து, ஆலோசனை சபைக்குப் போனான். அங்கேயும் தினம் ஒருவனைக் குலுக்கி எடுத்துத் தலைவனாக உட்கார்த்துவார்கள். அந்தியிலிருந்து மறுநாள் அந்திவரை ஆட்சி. ஆயுளில் ஒரே தடவைதான்.

சாமிக்கு அவனைப்போல் பயப்படுகிறவனை நான் பார்த்ததில்லை. கீரிப்பிள்ளை குறுக்கே ஓடினால் எங்கள் ஊரில் அபசகுனம்; வேறு யாராவது அந்த வழியாக நடந்துபோகும்வரை நின்றுகொண்டிருப்பான். சின்ன வயதில் நான் அவனைத் தரதரவென்று இழுத்துப் போயிருக்கிறேன்.

அந்த வருஷம் என் மகன் கைரிஸ் வடக்கே ஒரு தீவுக் கோட்டையில் காவலுக்கு இருந்தான். ஸ்பார்ட்டாக்காரர்கள் கோட்டையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். உள்ளே தானியம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று தகவல் வந்தது. கப்பல் அனுப்பினால் பிழைப்பார்கள். அனுப்பலாமா என்று மக்கள் சபை முடிவு செய்ய வேண்டிய நாளில்தான் என் தம்பிக்குத் தலைமை விழுந்தது. வானத்துச் சாமி ஸீயஸே என் பக்கம் வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

விடியும்போதே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் தங்கியிருந்த வட்ட மண்டபத்துக்குப் போனேன்.

"அக்கா, பொம்பளைங்க இங்கெல்லாம் வரக்கூடாதே!"

"வந்துட்டேன்ல. ரொட்டியும் வெங்காயமும் இருக்கு, பிடி. நீதானே இன்னைக்குத் தலைவன்? கப்பலை அனுப்புங்கடான்னு சொல்லேன்."

"தலைவன்னா சொல்றவன் இல்லக்கா. கை தூக்கச் சொல்லிப் பார்க்கிறவன். அவ்வளவுதான்."

"ஜனங்க எப்படி இருக்காங்க?"

அவன் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தான். "பணக்காரங்க வேணாம்கிறாங்க. கப்பல் செலவு அவங்க தலையிலதானே விழும். நல்ல பேச்சாளிங்களையும் பிடிச்சு வச்சிருக்காங்க."

"அப்ப கை தூக்கவே விடாதே. ஒருதரம் வேணாம்னுட்டா மறுபடி எவன் அந்தப் பேச்சை எடுப்பான்? என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது. என் புள்ளை எனக்கு வேணும்டா."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

மக்கள் சபை கூடும் குன்றின்மேல் பெண்கள் ஏற முடியாது. அடிவாரத்தில் ஆலிவ் விற்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் ஆண்கள் இறங்கி வந்தார்கள், வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு.

"மழையாம்யா மழை! தலைவரு மூக்குல ஒரு சொட்டு விழுந்துச்சாம்!"

சபை கூடியிருக்கும்போது துளி விழுந்தால் ஸீயஸ் வேண்டாம் என்கிறார் என்று அர்த்தம். அப்போதே கலைத்துவிட வேண்டும். வானத்தில் ஓரமாக ஒரே ஒரு மேகம், கிழிந்த கம்பளிபோல. ஆனால் மிக்கோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சபை உறுப்பினன் தெல்லிஸ், "என் கையிலயும் விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டானாம். சாமி விஷயத்தில் யார் மறுத்துப் பேசுவது?

மிக்கோன் கடைசியாக இறங்கி வந்தான். "ஏன்டா?" என்று கேட்டேன். "துளி விழுந்துச்சுக்கா" என்றான். சாமிக்குப் பயந்துதான் கலைத்துவிட்டான் என்று நம்பிவிட்டேன்.

நடுவில் திருவிழா வந்தது. அது முடிந்து சபை மறுபடி கூடியபோது ஜனங்களின் மனசு மாறியிருந்தது, கப்பலை அனுப்பச் சொல்லிக் கை தூக்கினார்கள். ஆனால் அதற்குள் கோடையின் வடகாற்று கிளம்பிவிட்டது. கப்பல்கள் முனையைத் தாண்ட முடியாமல் துறையிலேயே கிடந்தன. கோட்டை விழுந்தது. ஒருவனையும் உயிரோடு விடவில்லை. என் கைரிஸின் எலும்புகூட வரவில்லை.

அந்தச் சபை கலையாமல் இருந்திருந்தால் அன்றைக்கே கை தூக்கியிருப்பார்கள், காற்றுக்கு முன்னால் கப்பல் போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் பிள்ளையை ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டான் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஊர் அவனுக்குத் துளி என்றே பெயர் வைத்தது. "துளி, தலையில துணி போட்டுக்கோப்பா, தூறுது!" என்பார்கள். அவன் குனிந்து தைத்துக்கொண்டே இருப்பான். ஒவ்வொரு குளிர்காலமும் எனக்கு ஒரு ஜோடி செருப்பு தைத்து வாசலில் வைத்துவிட்டுப் போவான். நான் அதைத் தெருவில் போகிறவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவேன்.

அப்படியே கிழவனானான், செத்தான். ஊர் என்ன சொல்லும் என்றுதான் சாவு வீட்டுக்குப் போனேன். தெல்லிஸ் தடி ஊன்றிக்கொண்டு வந்திருந்தான். என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அன்னைக்குத் துளியே விழலைம்மா."

எனக்குப் புரியவில்லை.

"கூட்டம் மொத்தமும் வேணாம்னு கை தூக்கத் தயாரா இருந்துச்சு. மிக்கோன் நடுங்கிப்போய் என்னைப் பார்த்தான். 'தெல்லிஸ், உன்மேலயும் விழுந்துச்சுதானே?'ன்னான். அவன் கண்ணைப் பார்த்துட்டு நானும் ஆமான்னுட்டேன். தலைவனா உட்கார்ந்து சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னா என்ன தண்டனைன்னு தெரியும்ல?"

கீரிப்பிள்ளைக்குப் பயந்தவன் ஸீயஸின் பெயரில் பொய் சொல்லியிருக்கிறான். நான் கேட்டதைத்தான் செய்திருக்கிறான். காற்று முந்திக்கொண்டதற்கு அவன் என்ன செய்வான்?

"என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கக்கூடாதா அந்த மடையன்?"

"நானும் கேட்டேன். 'வேணாம் தெல்லிஸ், ஊர் என்னைக் கேலி பண்ணினா அக்கா பொறுக்கமாட்டா. எனக்காகத் தெருவுல நின்னு உண்மையைக் கத்திடுவா. அப்புறம் நம்ம ரெண்டு பேருக்கும் விஷக்கோப்பைதான்'னான்."

இப்போது தெல்லிஸும் போய்விட்டான், இனி யாரையும் யாரும் தண்டிக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன். மிக்கோன் தைத்த செருப்பில் ஒரு ஜோடிகூட என்னிடம் இல்லை.

அக்கா தனக்காகக் கத்துவாள் என்று நம்பியிருக்கிறான், பாவி. நானும் கத்தினேன். அவன் என் வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஊரோடு சேர்ந்து கத்தினேன்: "அதோ, துளி போறான் பாருங்க!"