நைனா பேசிய டேப்

எழுபதுகளின் கடைசியில், செஞ்சி கடைத்தெருவில் என் ரேடியோ ரிப்பேர் கடைக்கு எதிரிலேயே இன்னொருவரும் அதே தொழிலில் கடை வைத்திருந்தார். ஒடிசலான மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். ரிப்பேருக்கு எந்த டேப் வந்தாலும் நகல் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் கைவைப்பார். கூட்டம் அவரிடமே போன எரிச்சலில், பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒருநாள், ஜவுளிக்கடைக்காரரின் இறந்துபோன நைனா பேசிய டேப்பை, தவறாகப் பதிவுப் பொத்தானை அழுத்தி அழித்துவிட்டேன். முன்பு அது எதிர்க்கடைக்கும் போயிருந்தது. வெட்கத்தை விட்டு அங்கே ஏறினேன். நகலை எடுத்துக் கொடுத்தார்.

"ஜவுளிக்கடைக்காரர்கிட்ட இன்னான்னு சொல்றது?" என்றேன்.

"இன்னாத்துக்கு சொல்லணும்? நீங்களே குடுத்துடுங்க. உங்ககிட்ட வந்த வேலதானே?"

குரலைக் கேட்டு ஜவுளிக்கடைக்காரர் அழுதபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். எதிரில் அந்த மனிதர் தலைகூட நிமிரவில்லை. அவர் கடைக் கூட்டத்தைப் பார்த்துக்கூட எனக்கு வயிறு அப்படி எரிந்ததில்லை.